நைனா பேரு

செஞ்சியில் கோட்டையைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சைத் தேய்க்கிறவன்கூட ராஜா எந்த வழியாகக் குதிரையில் இறங்கினான், ராணி எந்தச் சுனையில் குளித்தாள் என்று பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்வான். அவனுடைய கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டுப் பாருங்கள், டீ ஆறி ஆடை கட்டும்வரை யோசிப்பான். இந்தக் குறையைப் போக்கத்தான் அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஊர் வாசகசாலையில் ஒரு குழு கூடியது. அதற்கு ‘செஞ்சி வட்டாரக் குடிவழிப் பதிவுத் தொண்டர் குழு’ என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் நீளம், ஆள் குறைவு.

வாசகசாலையைப் பார்த்துக்கொண்ட ஜெயபால்தான் இதை ஆரம்பித்து வைத்தவர். அவர் வீட்டுப் பரணில் இருந்த வம்சாவளி ஏட்டை ஒருநாள் எடுத்துப் பிரித்தால் கையில் செம்மண்தான் கொட்டியது. கரையான் ஏழு தலைமுறையையும் தின்றுவிட்டு ஏட்டைக் கட்டியிருந்த நூலை மட்டும் மீதி வைத்திருந்தது. மனுஷர் அன்று சாப்பிடவில்லை. மற்ற வீடுகளிலாவது மிச்சமிருப்பதை எழுதி வைப்போம் என்று நாலு பேரைச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது, வீடு வீடாக உட்கார்ந்து பெயர், தகப்பனார், தாயார், பூர்வீகம், தொழில் என்று கேட்டு எழுதுவது, வீட்டுக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு வாசகசாலைக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது. சம்பளம் கிடையாது. டியூப் வெடித்தால் அவரவர் கைக்காசு.

அந்த நாலு பேரில் சுமதிநாதனுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கடைத்தெருவில் அவர்களுக்கு மல்லாட்டை கமிஷன் மண்டி இருந்தது. நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மூட்டை எடை போட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் படிப்பான், படித்ததைப் பேசுவான். ஜெயபாலைப் போலவே அவனும் சமணன். அந்தப் பக்கத்தில் சமணர்களை நயினார் என்றுதான் சொல்வார்கள். கழனி வேலை செய்கிறவர்கள் வாயில் அது நைனாரு. முதல் இரண்டு மாதம் குழு நயினார் தெருக்களையும் செட்டியார் வீடுகளையும் சுற்றி வந்தபோது சுமதிநாதன்தான் ஒரு சண்டை பிடித்தான்.

“குடிவழின்னா மச்சு வீட்டுக்காரனுக்கு மட்டுந்தானா? காலனிக்காரங்க வானத்துலேருந்து குதிச்சாங்களா?”

“யாரு வேணாம்னாங்க? நீயே போயி எழுதிக்கினு வாயேன்” என்றார் ஜெயபால்.

அப்படித்தான் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை அவன் சிங்கவரம் காலனிக்குப் போனான். சிங்கவரம் அவனுக்கு மாமியார் ஊர். மனைவி ஜெயமாலா பிறந்த வீடு நயினார் தெருவில் இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் எண்ணெய் வடியும் பலகாரத்தோடு திரும்பி வந்திருக்கிறான், காலனிப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதில்லை.

அங்கே பெண்கள் கும்பலாக உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு உடைப்பது சாதாரண வேலை இல்லை. பருப்பின் மேல்தோல் கிழிந்தால் முளைக்காது என்பதால் கட்டையால் அடிக்கக் கூடாது, ஒவ்வொன்றாக விரலால் நசுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் நுனி வெந்த மாதிரி ஆகிவிடும். முறத்தை மடியில் வைத்திருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றி அகலம்.

“வாங்க மாப்ள நைனாரே. வழி தப்பி வந்துட்டீங்களா?”

அவள்தான் பவுனம்மாள். புருஷன் இல்லை, ஒரே மகள். சுமதிநாதன் தனக்குப் போட்ட பாயை ஒதுக்கிவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். குடிக்கும்போது அதை யாராவது பார்க்கிறார்களா என்று அவன் கண் ஓரமாகப் போய்வந்ததை நாம் சொல்லாமல் விடக் கூடாது. நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு இந்த நோய் உண்டு.

“இன்னா கணக்கு எடுக்குறீங்க, ரேசனுக்கா?”

“ரேஷனுக்கு இல்லம்மா. ஒங்க குடும்ப வரலாற எழுதி வைக்கப் போறோம்.”

“எங்களுக்கு இன்னா வரலாறு. பொறந்தோம், கழனியில எறங்கினோம்.” மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

“அப்படிச் சொல்லாதீங்க. எல்லாருக்கும் இருக்குது. ஒங்க பேரு?”

“பவுனம்மான்னு போட்டுக்கோங்க.”

சுமதிநாதன் தன் வீட்டில் தகப்பனாரை அப்பா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் இவர்கள் நைனா என்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவர்கள் பேச்சிலேயே கேட்டால் மனசு விட்டுச் சொல்வார்கள் என்று நினைத்தான்.

“ஒங்க நைனா பேரு இன்னாம்மா?”

பவுனம்மாள் கை நின்றது. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

“பேர சொல்லலாமா?”

“தாராளமா சொல்லுங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

“அஜிததாசு நைனாருங்க.”

சுமதிநாதனுக்குப் பேனா ஓடவில்லை. அஜிததாஸ் நயினார் என்பது ஜெயமாலாவின் தாத்தா பெயர். அவன் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துபோனவர். மாமனார் வீட்டுக் கூடத்தில் கோட்டும் தலைப்பாகையுமாகப் படத்தில் இருப்பவர். அவன் தலையைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டான்.

“அம்மா பேரு?”

“மீனம்பா. அது செத்து ரொம்ப நாளு ஆவுது.”

“அவரு ஒங்களையெல்லாம் நல்லா பாத்துக்கிட்டாரா?” குரல் அவனையறியாமல் தணிந்தது.

“கொற சொல்ல முடியாதுங்க. எங்கம்மாவுக்கு வருசா வருசம் தீவாளிக்குச் சீல எடுத்துக் குடுப்பாரு. எனக்குக் காது குத்தினப்ப நெல்லு அளந்து வுட்டாரு. அவரு செத்தன்னிக்கு எங்கம்மா அவங்க கொல்லையில வுழுந்து பொரண்டு அழுவுச்சு. சோறே எறங்கல அதுக்கு.”

“அம்மா அந்த வூட்டுக்கு உள்ள போவாங்களா?”

“கொல்லப்பக்கந்தான். வாசப்பக்கம் எங்கள யாரு வுடுவாங்க?”

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கிளம்பும்போது பவுனம்மாள் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே வந்தாள்.

“எம் பொண்ணு ரஞ்சிதத்துக்கு மலையனூருல எடம் முடிஞ்சிருக்குது. மாப்ள வாத்தியாரு. நீங்க எழுதி மாட்டினா அவுரு வந்து படிப்பாரு. கொஞ்சம் பெரிய எழுத்தாப் போடுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் சுமதிநாதனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தை அந்த அம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். தன்னிடம் சொன்னாள், தான் மண்ணில் உட்கார்ந்ததால் சொன்னாள். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு அவனுடையது. ஜெயமாலா கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றக் குனிந்தபோது அவன் அவளுடைய நெற்றியையே பார்த்தான். அதே அகலம், அதே ஏற்றம். பவுனம்மாளின் நெற்றி இங்கே அப்படியே இருக்கிறது என்று முடிவு கட்டினான். ஊரில் பாதிப் பேருக்கு அந்த நெற்றி இருப்பது அப்போது அவன் கண்ணில் படவில்லை.

“என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல” என்றான். மனைவியிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜெயபாலுக்குத்தான் தயக்கம். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத எழுதித்தான் ஆவணுமாப்பா? ஒன் மாமனார் வூடு.”

“மாமனார் வூடுன்னு மறைச்சா அது வரலாறா? பொய்யாமைன்னு நம்ம வூட்டுப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறோம். அந்தம்மாவே வாயத் தெறந்து சொல்லிட்டாங்க. மறைக்க நாம யாரு?”

ஜெயபால் அட்டையை எடுத்து விரித்தார். அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பவுனம்மாள் கேட்டபடியே பெரிய எழுத்தில், சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினார். ‘பவுனம்மாள். தகப்பனார்: அஜிததாஸ் நயினார். தாயார்: மீனம்பாள்.’

பொங்கல் கழிந்து வாசகசாலையில் கண்காட்சி வைத்தார்கள். அந்த வருஷம் அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்றுவிட்டு, நின்ற காலோடு ஜனங்கள் அங்கேயும் வந்தார்கள். சுவரெல்லாம் அட்டை. தாத்தா பெயரை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, கண் கலங்கியவர்களும் உண்டு. சுமதிநாதன் வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றான். சிங்கவரம் காலனி அட்டையைத்தான் அவன் முன்னால் மாட்டச் சொன்னான்.

இரண்டாம் நாள் மேல்மலையனூரிலிருந்து இராமச்சந்திரன் வந்தான். ரஞ்சிதத்துக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. வெளுத்த சட்டை, பையில் பேனா, கூடவே அவன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இருவர். ‘எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணோட வம்சம் செவுத்துல இருக்குது’ என்று அவர்களை அவன்தான் பெருமையாக அழைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அட்டை முன்னால் நின்றான். கூட வந்தவர்களில் ஒருவன் வாய்விட்டுப் படித்தான், பாதியில் குரலை விழுங்கிவிட்டான். மூன்று பேரும் வெளியே போனார்கள். சுமதிநாதன் கைகூப்பி, “எப்படி இருக்குது நம்ம முயற்சி?” என்று கேட்டான். இராமச்சந்திரன் அவனைப் பார்க்கவே இல்லை. படித்த பையனுக்கும் உண்மையைத் தாங்கும் பக்குவம் வரவில்லையே என்று சுமதிநாதன் வருத்தப்பட்டான்.

அடுத்த வாரம் மண்டியில் மூட்டை பிரித்துத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமனார் ஜீவரத்தினம் வந்தார். எப்போதும் செருப்புச் சத்தத்தோடு வருகிறவர் அன்று ஓசைப்படாமல் வந்து மல்லாட்டைத் தூசியில் நின்றார்.

“மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க.”

பாரம் இறக்கிய வண்டியின் மறைவுக்குப் போனார்கள்.

“அந்தப் பவுனம்மா இன்னா கேக்கறா? ஏரிக்கரை ஓரத்து நெலத்துண்டையா?”

“ஒண்ணும் கேக்கல மாமா.”

“பின்ன எதுக்கு இத்தன வருசம் கழிச்சிச் சொல்றா? அந்த மலையனூர்க்காரன் பரிசத்த நிறுத்திட்டானாம். காலனியில ஒரே ரகளை. நாளைக்கு அந்தப் பாரம் நம்ம தலையில வந்து வுழும்.”

“அது உண்மைதானா மாமா?”

ஜீவரத்தினம் வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குடைக்கம்பியால் சுரண்டினார். “எங்க அப்பா எப்படின்னு நான் என்னத்தச் சொல்ல. பெரியவங்க காலம். அந்த அட்டைய எடுத்துடுங்க, அம்புட்டுத்தான்.”

பெற்ற பிள்ளையே இல்லை என்று சொல்லவில்லை. சுமதிநாதனுக்கு இன்னும் உறுதிப்பட்டுப் போயிற்று. கல்யாணம் நின்றது மட்டும் உறுத்தியது. வாசகசாலைக்குப் போய் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஜெயமாலா வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா முதலில் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் மண்டிக்குப் போயிருந்தார். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. கையில் இருந்த அட்டையை வாங்கிப் படித்தாள்.

“பவுனக்காவ எனக்குத் தெரியும். எங்க கழனியில நடவுக்கு வரும். அதுவா இப்படிச் சொல்லிச்சு?”

“அவங்க வாயாலதான் சொன்னாங்க.”

“நீங்க என்னன்னு கேட்டீங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க.”

“ஒங்க நைனா பேரு இன்னான்னு கேட்டேன்.”

ஜெயமாலா அரிவாள்மணையை மடக்கினாள்.

“எங்க ஊர்ல வரப்புல நிக்கற ஆம்பளைங்க, புதுசா கழனியில எறங்கற எந்தப் பொம்பளையப் பாத்தாலும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. ‘எந்த நைனாரு ஆளு நீ? ஒங்க நைனாரு பேரு என்னா?’ எங்கப்பா கேப்பாரு, சித்தப்பா கேப்பாரு. அவ பொறந்ததுலேருந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கா. வெள்ள வேட்டி கட்டின ஒரு நைனாரு வந்து குந்திக்கினு நைனா பேரு இன்னான்னா, அவ காதுல என்னான்னு விழும்? அவ அப்பன் பேர எந்த நைனாரு கேட்டிருக்கான் இதுவரைக்கும்?”

பேர சொல்லலாமா என்று பவுனம்மாள் கேட்டது சுமதிநாதனுக்கு நினைவுக்கு வந்தது. எஜமான் பெயரை வாயால் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாள். வெக்கப்பட ஒண்ணுமில்ல என்று இவன் தைரியம் சொல்லியிருக்கிறான். தீபாவளிச் சேலை, நெல், கொல்லைப்பக்கம் என்று தான் கோத்துக்கொண்டு போனதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. உட்கார இடம் தேடுகிறவனைப் போல வாசலில் அங்கும் இங்கும் பார்த்தான்.

“எங்க தாத்தாவப் பத்தி எழுதினீங்களே, அதுகூடப் போவட்டும்” என்றாள் ஜெயமாலா. “அந்தம்மாளப் பத்தி எழுத ஒங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு? எங்கப்பாவும் கேட்டவொடனே நம்பிட்டாரு. நானுந்தான், இப்ப வார்த்தையக் கேக்கற வரைக்கும் நம்பிட்டுத்தான் இருந்தேன். நாம எல்லாரும் ஒரே மாதிரி.”

அவன் அன்று சாப்பிடாமல் சைக்கிளை மிதித்தான்.

சிங்கவரம் கழனியில் பவுனம்மாள் களை வெட்டிக்கொண்டிருந்தாள். மல்லாட்டைச் செடி பூவெடுக்கும் சமயம், களைக்கொட்டு ஆழமாக இறங்கினால் காய் பிடிக்கிற விழுது அறுந்துவிடும். குனிந்து மேலாகச் சுரண்டிக்கொண்டே போனாள். வரிசையில் இருந்த மற்ற பெண்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ரஞ்சிதம் எழுந்து அடுத்த பாத்திக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியிருந்தது. அவன் வரப்பிலேயே நின்றான்.

“தப்பு நடந்துபோச்சும்மா. நான் ஒண்ணு கேட்டேன், ஒங்க காதுல வேற ஒண்ணு விழுந்துடுச்சு.”

பவுனம்மாள் களை வெட்டுவதை நிறுத்தவில்லை. “அது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. மலையனூருலேருந்து ஆளு வந்து, செவுத்துல இப்படி எழுதியிருக்குது, பரிசம் வேணாம்னு சொல்லிட்டுப் போனான் பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சு. என் காதுல வுழுந்தது தப்புதான். அது என் தப்பாவே இருக்கட்டும்.”

“இல்லம்மா, என் மேலதான் தப்பு.”

“இரு, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு.” அவள் நிமிர்ந்தாள். மாப்ள நைனாரே என்ற வார்த்தை போயிருந்தது. “நான் அந்தப் பேர சொன்னவொடனே நீ ஏன் இன்னொரு தபா கேக்கல?”

அவன் வரப்பை விட்டுக் கீழே இறங்கினான்.

“ஒங்க தெருவுல ஒரு பொம்பள தன் அப்பன் பேர கேட்டதுக்குப் பக்கத்து வூட்டு ஆம்பள பேர சொல்லியிருந்தா எழுதிக்கினு வந்திருப்பியா? இன்னாம்மா சொல்றே, சரியாச் சொல்லுன்னு கேட்டிருக்க மாட்டே? என்கிட்ட கேக்கல. ஏன்னா நீ வரும்போதே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு வந்த. எங்கம்மா அப்படிப்பட்டவதான்னு ஒன் மனசுல ஏற்கெனவே எழுதி வச்சிருந்த. நான் சொன்னது சரியாப் போயி அதுல ஒக்காந்துக்கிச்சு.”

வெட்டிப் போட்ட களை வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. சுமதிநாதன் அதையே பார்த்தான். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அட்டைய எடுத்துட்டேம்மா.”

“எடுத்தா? படிச்சவங்க கண்ணுக்குள்ளேருந்தும் எடுத்துட்டியா?” களைக்கொட்டைக் கீழே போட்டாள். “தை அமாவாச கோயில் கூட்டம் போவட்டும். மறுநா மலையனூருக்கு வா. சம்மந்தி வூட்ல அவங்க மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு. அதுக்கு மேல எம் பொண்ணு தலையெழுத்து.”

அமாவாசைக்கு மறுநாள் ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் ஓய்ந்து, சாதாரண பஸ் ஒன்று பாதி காலியாகப் போனது. பவுனம்மாள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டபோது கண்டக்டர், அந்த அம்மா அப்போதே வாங்கிவிட்டதாகச் சொன்னான். ஊரெல்லாம் நசுங்கிய எலுமிச்சம்பழமும் கொட்டிய குங்குமமுமாக இருந்தது. கடைக்காரர்கள் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள், அவன் பத்தடி பின்னால். என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பச்சைமுத்து கோயில் பக்கத்தில் பொரி வறுத்து விற்கிறவர். அமாவாசை வியாபாரம் முடிந்து, கண் சிவந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுமதிநாதனுக்கு இராமச்சந்திரனின் நாற்காலியைப் போட்டார்கள். இராமச்சந்திரன் கதவோரம் நின்றான். பவுனம்மாள் கீழே சுவரோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

“ஐயா, நாங்கள் வைத்த கண்காட்சியில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டது” என்று சுமதிநாதன் ஆரம்பித்தான்.

“எழுத்துப் பெழையா?” என்றார் பச்சைமுத்து. “எம் புள்ளையும் எழுத்துப் படிச்சவன்தான். எழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்திச்சுன்றான்.”

மனப்பாடம் அத்தோடு போயிற்று. சுமதிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

“எழுத்துப் பிழ இல்லிங்க. நான் அவங்க அப்பா பேர கேட்டேன். அவங்க, எந்த நைனாருகிட்ட வேல செய்யறேன்னு கேக்கறதா நெனச்சிப் பேர சொன்னாங்க. கேட்டவொடனே நான் நம்பிட்டேன். இன்னொரு வாட்டி கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவங்க அம்மாவ ஒரு நிமிஷத்துல அப்படி நெனச்சிட்டேன். நெனச்சது நான், எழுதினது நான். இதுல அவங்க குடும்பத்து மேல ஒரு குத்தமும் கெடையாது.”

பச்சைமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். நல்ல மனுஷர்தான். கல்யாணம் நின்றதில் அவருக்கும் தூக்கம் கெட்டுத்தான் இருந்தது.

“சரி. தப்புன்னு சொல்ல இம்மாந்தூரம் வந்துட்ட. பரிசம் போடறப்ப, இன்னாரு பேரனுக்கு இன்னாரு பேத்தின்னு சபையில கூவணும். அங்க நீ எழுதின பேருதான் எல்லாருக்கும் தெரியும். நீயே சொல்லிடு, இவங்க நைனா பேரு இன்னா?”

சுமதிநாதன் மண்டியிலிருந்து வீட்டுக்கு ஓடினான், வீட்டிலிருந்து கழனிக்கு ஓடினான், மன்னிப்புக் கேட்டான், இப்போது பஸ் ஏறி வந்துவிட்டான். இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு கேள்வியை அவன் மறுபடி கேட்கவே இல்லை. தன் பிழையைத் திருத்தும் மும்முரத்தில், அவளுக்கு ஒரு தகப்பன் இருந்தான் என்பதே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது.

“தெரியாதா?” என்றார் பச்சைமுத்து.

இராமச்சந்திரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். தன்னை ஒருவன் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொள்வதைச் சுமதிநாதன் அன்றுவரை கண்டதில்லை.

“அவனக் கேக்கச் சொல்லுங்க. சொல்றேன்” என்றாள் பவுனம்மாள்.

சுமதிநாதன் அவளுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். இந்தத் தடவை யார் பார்க்கிறார்கள் என்று கண் போகவில்லை.

“ஒங்க அப்பா பேரு என்னங்கம்மா?”

பவுனம்மாள் அவனைப் பார்க்காமல் பச்சைமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். முதலில் பெயரைச் சொன்னாள். கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள். பிறகு மற்றதைச் சொன்னாள்.

“ஏரி ரொம்பி வழிஞ்ச வருசம். மதகுல அடப்பு எடுக்கணும், அஜிததாசு நைனாரு கழனி முழுவுதுன்னு ஆள் வந்திச்சு. எங்க நைனா முங்கினாரு. அடப்பு எடுத்துச்சு, தண்ணி போச்சு, அவரு மேல வரல. அப்ப நான் எங்கம்மா வவுத்துல. அதுக்குத்தான் அந்த நைனாரு வருசா வருசம் எங்கம்மாவுக்குச் சீல குடுத்தாரு. நான் எங்க நைனா மூஞ்சியப் பாத்ததில்ல. படம் கெடம் ஒண்ணும் கெடையாது. அந்தப் பேருதான் எனக்கு இருக்குது. அதத்தான் அழிச்சிட்டு வேற பேர எழுதினாங்க.”

வாசலில் நின்றவர்களில் ஒரு கிழவர், “ஆமா, அந்த வெள்ளத்துல ஒரு ஆளு போனான், கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். பச்சைமுத்து கட்டிலை விட்டு இறங்கினார். பவுனம்மாள் சொன்ன பெயரைத் தானும் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்தார்.

“நாங்களும் ஒன்ன வந்து கேட்டிருக்கணும், சம்மந்தி. செவுத்துல இருக்கறத நம்பினோம். பரிசத்தன்னிக்கு நானே கூவறேன். நம்ம ரெண்டு ஊரு சாதிசனமும் கேக்கட்டும்.” உள்ளே திரும்பி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். இராமச்சந்திரன் கதவைப் பிடித்தபடி பவுனம்மாளின் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்திருந்தது.

சுமதிநாதனுக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில் கை பழக்கப்படி சட்டைப் பைக்குப் போய்விட்டது. பேனாவை எடுத்து மூடியைத் திருகினான். ஜெயபாலிடம் சொல்லிப் புது அட்டையாக, இன்னும் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம்.

“இன்னா பண்றே?” என்றாள் பவுனம்மாள்.

“சரியா எழுதிக்கறேம்மா. மாத்தி எழுதி மாட்டிடறோம்.”

“வேணாம்.”

“இல்லம்மா, திருத்தணும் இல்லியா?”

“எழுதறதுக்குச் சொல்லல. இவங்களுக்குச் சொன்னேன். நீயும் இருந்த, ஒன் காதுலயும் வுழுந்திச்சு. அம்புட்டுத்தான். ஒங்க செவுத்துக்கு அந்தப் பேரு வேணாம்.”

வெற்றிலைத் தட்டு வந்தது. அவள் எழுந்துபோய்ப் பச்சைமுத்துவின் சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுமதிநாதன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தான்.

சிங்கவரம் காலனிக்கான புது அட்டையில் பவுனம்மாள் பெயருக்கு எதிரே, தகப்பனார் என்ற இடத்தில், ஜெயபால் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு எழுதினார். அந்தப் பெயர் என்ன என்று பலர் சுமதிநாதனைக் கேட்டதுண்டு. அவனுக்குத் தெரியும். ஆனால் எழுத வேண்டாம் என்று அவள் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.